மொந்தன் பழமும் வெற்றிலைச் சுண்ணாம்பும்: வீட்டில் பிசாங் கோரெங்

இது பஜ்ஜி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாழையை மாவில் தோய்த்துப் பொரிக்கப் போகிறோம் என்றால் எங்கள் கடலூரில் கை தானாகக் கடலை மாவு டப்பாவுக்குப் போய்விடும், மிளகாய்த் தூளும் பெருங்காயமும் பின்னாலேயே வந்துவிடும். சில்வர் பீச்சில் காற்று வாங்கிக்கொண்டே சாப்பிடுகிற வாழைக்காய் பஜ்ஜி எனக்கும் உயிர்தான். ஆனால் இந்தோனேசியாவின் பிசாங் கோரெங் வேறு பலகாரம். அதில் காய் கிடையாது, பழம். கடலை மாவு கிடையாது, அரிசி மாவும் மைதாவும். மேலே அப்பளம் மாதிரி நொறுங்குகிற மெல்லிய தோல், உள்ளே சூட்டில் குழைந்து கிடக்கிற இனிப்பு. பிசாங் என்றால் வாழை, கோரெங் என்றால் எண்ணெயில் பொரித்தது, நாசி கோரெங் என்கிற அவர்கள் ஊர் ஃப்ரைட் ரைஸில் வருகிற அதே கோரெங்தான். அங்கே தெருவுக்குத் தெரு தள்ளுவண்டியில் போடுவார்கள், டெம்பே என்கிற புளிக்கவைத்த சோயாக் கட்டி, தோஃபு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் அதே வண்டியில் பொரியும், மொத்தத்துக்கும் கோரெங்கான் என்று பெயர்.

எங்கள் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் பெரியப்பா மகன். சிங்கப்பூருக்கு எதிரே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாத்தாம் தீவில் கப்பல் கட்டும் இடத்தில் 4 வருஷம் வெல்டராக இருந்தார், தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவிடம் கற்றுக்கொண்டாராம். முதல் லீவில் வந்து அடுப்படியில் நின்றவர் மாவைக் கேட்கவில்லை, எண்ணெயைக் கேட்கவில்லை, நேராக ஆயாவிடம் போய், "ஆயா, உன் சுண்ணாம்பு டப்பாவைக் குடு" என்றார். "ஏன்டா, அந்த ஊர்லயும் வெத்தலை போடுறாங்களா?" என்று கேட்டது ஆயா. "போடுவாங்க ஆயா, ஆனா இது பலகாரத்துக்கு." அன்றைக்கு நாங்கள் யாரும் நம்பவில்லை. அந்தச் சுண்ணாம்புக்கு அப்புறம் வருகிறேன், அதற்கு முன்னால் பழம்.

பழம்தான் இதில் முக்கால் பங்கு. அங்கே பெரும்பாலும் பிசாங் கெப்போக் என்கிற வாழையை எடுப்பார்கள், குட்டையாக, தடித்த தோலோடு, விளிம்பு விளிம்பாக இருக்கும். நம் மொந்தன் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. நாம் மொந்தனைக் காயாகவே சமைத்துத் தீர்த்துவிடுகிறோம், பழுக்க விட்டுப் பார்ப்பதில்லை, அதனால் பழுத்த மொந்தன் எவ்வளவு நல்ல பழம் என்று நிறைய பேருக்குத் தெரியாது. பச்சையாகச் சாப்பிட்டால் கொஞ்சம் மாவுத்தன்மையாக இருக்கும், எண்ணெயில் போட்டால் அந்த மாவுத்தன்மைதான் பழத்தைக் கரையாமல் தாங்கிப் பிடிக்கிறது. திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட்டில் வாழைக்காய் விற்கிறவரிடம், பழுக்க வைக்கப் போகிறேன், நன்றாக முற்றின காயாகக் கொடுங்கள் என்று சொல்லி வாங்குங்கள். முற்றாத காய் பழுக்காது, தோல் சுருங்கிக் கறுத்துப்போகும், அவ்வளவுதான். வாங்கினதைப் பேப்பரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்துவிடுங்கள், எங்கள் வீட்டில் 4 முதல் 6 நாளில் மஞ்சளாகிவிடும்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர்களுக்குக் கற்பூரவள்ளி. ராமாபுரம், வெள்ளக்கரை பக்கம் வாழை போடுகிறவர்களைக் கேட்டால் கற்பூரவள்ளியின் இனிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், அந்த இனிப்பேதான் இங்கே கவனிக்க வேண்டியதும். நன்றாகக் கனிந்த கற்பூரவள்ளியில் சர்க்கரை அதிகம், மாவு வேகும் முன்னே பழம் கறுத்துவிடும். தோல் மஞ்சளாகி, அழுத்தினால் லேசாகத்தான் அமுங்குகிறது என்கிற பதத்தில் எடுக்க வேண்டும். நேந்திரம் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம், அங்கேயும் பிசாங் தண்டுக் என்று ஒன்று உண்டு, தண்டுக் என்றால் கொம்பு, நேந்திரம் மாதிரியே நீளமாக வளைந்திருக்கும். கேரளத்துப் பழம்பொரி நேந்திரத்தில்தான், அதனால் அதன் ருசி பலருக்கும் பழகியிருக்கும். பூவன் பரவாயில்லை, கொஞ்சம் புளிக்கும், சிலருக்கு அந்தப் புளிப்பு பிடிக்கும். ரஸ்தாளியில் சில சமயம் நடுவில் கட்டி விழுந்திருக்கும், வாயில் தட்டுப்படும். மோரிஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை விருந்தாளி வந்த அவசரத்தில் வாசலில் வண்டிக்காரரிடம் கிடைத்த பச்சை வாழைப்பழத்தை வாங்கிப் போட்டேன், எண்ணெய்க்குள் போனதும் பழம் தண்ணீர் விட்டு மாவை உள்ளிருந்தே ஊறவைத்து, தட்டில் எடுத்து வைத்த இரண்டு நிமிஷத்தில் எல்லாம் துவண்டு படுத்துவிட்டது. வந்தவர்கள் நல்லவர்கள், ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, சுண்ணாம்பு. இந்தோனேசியாவில் இதைக் காப்பூர் சிரி என்பார்கள், சிரி என்றால் வெற்றிலை, அப்படியே நம் வெற்றிலைச் சுண்ணாம்புதான். பெட்டிக்கடையில் வெள்ளையாக, வாசனையோ நிறமோ சேர்க்காமல் கிடைப்பதை வாங்குங்கள். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது. ஒரு கண்ணாடி டம்ளரில் அரை டம்ளர் குளிர்ந்த தண்ணீர் விட்டு, பட்டாணி அளவு சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கி, அசைக்காமல் ஒரு மணி நேரம் வையுங்கள். சுண்ணாம்பு வெந்நீரைவிடக் குளிர்ந்த நீரில்தான் கூடக் கரையும், அதனால் சுடவைக்க வேண்டாம். கண்ணாடி டம்ளர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: முதலில் பால் மாதிரி இருக்கும், அப்புறம் மேலேயிருந்து ஒரு கோடு கீழே இறங்கிக்கொண்டே வரும், கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே வெள்ளை. கடைசியில் அடியில் மெல்லிசாக வண்டல் உட்கார்ந்துவிடும், மேலே தண்ணீர் ஊற்றுத் தண்ணீர் மாதிரி தெளிந்து நிற்கும். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் மேல்பரப்பில் பால் ஏடு மாதிரி, அதைவிட மெல்லிசாக ஒரு படலம் மிதப்பது தெரியும், காற்று பட்டுச் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிற படலம் அது. ஸ்பூன் நுனியால் அதை ஒதுக்கிவிட்டு, நடுவில் இருக்கிற தெளிவை மட்டும், வண்டல் எழும்பாமல், 2 டீஸ்பூன் எடுங்கள். அவ்வளவு போதும். மீதியைக் கொட்டிவிடலாம். குழந்தைகள் கையில் சுண்ணாம்பு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் ரொம்ப ஆபத்து.

இது என்ன செய்யும் என்று கேட்டால், பூசணிக்காயில் கல்லு மாதிரி மிட்டாய் போடுகிறவர்கள் காயைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், சதை குழையாமல் இறுகி நிற்பதற்காகத்தான் அது. மாவில் சேர்க்கும்போது தோல் மொறுமொறுப்பாக வருகிறது, நிறமும் சீக்கிரம் ஏறுகிறது. சோடா உப்பு இந்த வேலையைச் செய்யாது. சோடா போட்டால் மாவு உப்பும், ஆனால் ஸ்பாஞ்ச் மாதிரி எண்ணெய் குடிக்கும்.

இப்போது மாவு. 6 மொந்தன் அல்லது 8 கற்பூரவள்ளிக்கு, மைதா 100 கிராம், அரிசி மாவு 75 கிராம், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், மஞ்சள் தூள் இரண்டு சிட்டிகை, எள் ஒரு டீஸ்பூன். உப்பைக் குறைக்காதீர்கள், இனிப்பைத் தூக்கிக் கொடுப்பதே அதுதான். அரிசி மாவு பச்சரிசி மாவாக, நைசாக இருக்க வேண்டும். வறுத்த இடியாப்ப மாவு போட்டால் தண்ணீரை இழுத்துக்கொண்டு கெட்டியாகிவிடும். கோல மாவைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. அரிசி மாவில் மைதா மாதிரி இழுவை கிடையாது, அதனால் நொறுங்கும், ஆனால் தனியாகப் போட்டால் பழத்தில் ஒட்டாமல் உதிரும், கல்லாகவும் ஆகிவிடும், அதைப் பிடித்து வைக்கத்தான் மைதா. எல்லாவற்றையும் உலர்வாகக் கலந்துகொண்டு, சுமார் 200 மில்லி ஃப்ரிட்ஜ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கடைசியில் சுண்ணாம்புத் தெளிவையும் ஊற்றி, விஸ்க்காலோ கரண்டியாலோ இருபது சுற்றுச் சுற்றி நிறுத்திவிடுங்கள். சின்னச் சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும். நான் முதல் தடவை கட்டியே இருக்கக் கூடாது என்று அடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து அண்ணன், "ஏம்மா, இட்லி மாவா ஆட்டுற? அடிச்சா ரப்பர் ஆயிடும்" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

இந்த மஞ்சள் தூளில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ஆரத்தி கரைக்கிறோமே, மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்ட உடனே சிவப்பாக மாறுகிறதே, அதே கதை இங்கேயும். 2 டீஸ்பூன் தெளிவு சேர்த்தால் மாவு மஞ்சளாகவே இருக்கும். சிவக்க ஆரம்பித்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது என்று அர்த்தம், அந்த மாவைச் சாப்பிட வேண்டாம், கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். வண்டலோடு ஊற்றினாலும் இப்படித்தான் ஆகும், நாக்கில் ஒரு மாதிரி பிடித்துக்கொள்ளும்.

மாவின் பதம், கரண்டியைத் தூக்கினால் அறுபடாமல் நாடா மாதிரி விழ வேண்டும், கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும். பஜ்ஜி மாவைவிட ஒரு சுற்று இளக்கம். பத்து நிமிஷம் மூடி வைத்துவிட்டு அப்புறம் பழத்தை உரியுங்கள், முன்கூட்டி உரித்தால் கறுத்துவிடும். வாசனை வேண்டும் என்பவர்கள் தண்ணீரில் பாதிக்குத் தேங்காயின் இரண்டாம் பால் விடலாம். ருசி பிரமாதமாக இருக்கும், ஆனால் மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், சீக்கிரம் கறுக்கவும் செய்யும். எனக்குத் தண்ணீர்தான் பிடிக்கும்.

வெட்டுவதில் இரண்டு வழி. சுலபமானது, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுவது, நேந்திரம் என்றால் முதலில் குறுக்கே பாதியாக்கிக்கொள்ள வேண்டும். அழகானது விசிறி வெட்டு, கீப்பாஸ் என்பார்கள், போர்னியோவின் பொந்தியானாக் ஊர்ப் பக்கத்துப் பேர் சொல்கிற வண்டிகளில் எல்லாம் இப்படித்தான் இருக்கும் என்பார் அண்ணன். பழத்தைப் பலகையில் படுக்க வைத்து, காம்புப் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் விட்டுவிட்டு, மீதியை நீளமாக நாலைந்து கீற்றாகக் கீறி, உள்ளங்கையால் மெதுவாக அமுக்கினால் கைவிரல் விரிகிற மாதிரி விரியும். மொந்தன் இதற்கென்றே பிறந்தது போல விரிந்து கொடுக்கும். நிறைய விளிம்பு கிடைப்பதால் நிறைய மொறுமொறுப்பு. எப்படி வெட்டினாலும் பழத்தின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த அரிசி மாவை லேசாகத் தூவிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பொரியும்போது தோல் சட்டை மாதிரி கழன்று வந்துவிடும்.

எண்ணெய், அங்கே பாமாயில், எங்கள் வீட்டில் விருத்தாசலம் பக்கத்துச் செக்குக் கடலை எண்ணெய். அதன் மணம் வாழைப்பழத்தோடு அவ்வளவு பொருந்துகிறது, அண்ணனே ஒப்புக்கொண்டார். பழம் முழுகுகிற அளவுக்கு வாணலியில் ஊற்றி, நடுத்தரத் தீயில் காயவையுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 170 டிகிரி. இல்லையென்றால் ஒரு சொட்டு மாவு விடுங்கள், பாதி ஆழம் போய் உடனே மேலே வந்தால் சரி, அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, விழுந்ததுமே சிவந்தால் கூடிவிட்டது. காய்ந்த எண்ணெயில் ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து மாவில் சொர்ரென்று ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள், முறுக்கு மாவுக்குச் செய்வோமே, அதுபோல.

பழத்தைக் காம்புப் பக்கம் பிடித்து மாவில் தோய்த்து, அதிகப்படியை வழியவிட்டு, எண்ணெயில் பாதி இறக்கி மூன்று நொடி பிடித்திருந்து அப்புறம் கையை விடுங்கள், போட்ட உடனே விட்டால் அடியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஈட்டுக்கு மூன்று, நாலு போதும். இப்போது ஒரு கைவேலை. ஐந்து விரலையும் மாவில் முக்கி, பழத்துக்குப் பக்கத்தில், எண்ணெய்க்கு ஒரு சாண் மேலே இருந்து சொட்டுச் சொட்டாக உதறுங்கள். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்திலேயே பூ மாதிரி விரிந்து மிதக்கும், பூந்தியும் இல்லாமல் வலையும் இல்லாமல் ஒரு நுரைக்கூட்டமாகச் சேரும். ஜல்லிக் கரண்டியால் அதைப் பழத்தின் மேல் ஒதுக்கிவிட்டால் ஒட்டிக்கொண்டு மேலெல்லாம் பொரிப்பொரியாக நிற்கும். கடிக்கும்போது முதலில் அதுதான் உடையும். மூன்று நிமிஷத்தில், ஒரு தடவை திருப்பிப் போட்டு, வெளிர்மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

எல்லா ஈடும் முடிந்ததும் தீயைக் கூட்டி, 185 டிகிரி வாக்கில், மறுபடி ஒரு நிமிஷம் போட்டு எடுங்கள். முதல் தடவையில் பழம் வேகிறது, இரண்டாம் தடவையில் தோலில் மிச்சமிருக்கிற ஈரம் போகிறது. சலசலப்பு அடங்கி, கரண்டியால் தட்டினால் டக்கென்று சத்தம் வர வேண்டும். எடுத்ததைக் கம்பி வலையிலோ ஓட்டைத் தட்டிலோ நிற்க வையுங்கள். பேப்பரில் பரப்பினால் அடிப்பக்கம் வியர்த்து நமத்துவிடும், அச்சு மை வேறு. எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுவது இதற்குச் செய்கிற பெரிய கெடுதல். ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் மழை ஊற்றிக்கொண்டிருக்கிற நாளில் செய்தால் காற்றிலேயே ஈரம் இருக்கும், அப்போது பொரிக்கப் பொரிக்கச் சாப்பிடுவதுதான் ஒரே வழி, வீட்டில் இருக்கிறவர்களை அடுப்படிக்கே கூப்பிட்டுவிடுவேன். மிஞ்சினால் எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறுதீயில் புரட்டினால் ஓரளவு மீளும். ஏர் ஃபிரையர் இருந்தால் 180 டிகிரியில் 4 நிமிஷம்.

தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமலே சாப்பிடலாம், நான் அப்படித்தான். அங்கே இளைஞர்கள் கூட்டம் மேலே சீஸ் துருவி, கன்டென்ஸ்டு மில்க் ஊற்றி, சாக்லேட் துகள் தூவிச் சாப்பிடுமாம், என் பிள்ளைகளும் அந்தக் கட்சி. பனைவெல்லத்தைப் பாகாகக் காய்ச்சி ஒரு கல் உப்பு போட்டு மேலே கோடாக விட்டால் போதும் என்பேன், அவர்கள் ஊரிலும் பனஞ்சர்க்கரைப் பழக்கம் பழையதுதான். கூடக் குடிக்கக் கோப்பி துப்ருக்: கண்ணாடித் டம்ளரில் சிக்கரி கலக்காத காபித் தூளும் சர்க்கரையும் போட்டு, கொதிக்கிற தண்ணீரை நேரே ஊற்றிக் கலக்கி, தூள் அடியில் உட்காரும் வரை விட்டுக் குடிப்பது. டிகாஷனில் ஊறிய நமக்கு முதல் மடக்கு விநோதமாக இருக்கும், பழத்தின் இனிப்புக்கு அந்தக் கசப்பு வேண்டியிருக்கிறது.

இனிப்பு வேண்டாம் என்கிறவர்களுக்கும் அந்த ஊரில் வழி உண்டு. சுலவேசி தீவின் மனாடோ பக்கம் வாழையைப் பழுக்காமலே மெல்லிசாகச் சீவி, மாவு எதுவும் இல்லாமல் பொரித்து, காரசாரமான சம்பலில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். அதே தீவின் தெற்கே மகாஸ்ஸரில் காயை ஒரு தடவை பொரித்து, தட்டி நசுக்கி, மறுபடி பொரித்துச் சம்பலோடு தருவார்கள். எங்கள் வீட்டில் இதற்குப் பூண்டும் வரமிளகாயும் தக்காளியும் வதக்கி அரைத்த துவையல்தான், சாயங்காலம் அப்பாவுக்கு இனிப்பு கூடாது என்பதால் மொந்தன் காயில் இரண்டு எடுத்து வைத்து இதைத் தனியாகப் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

மாவு மிஞ்சினால் மறுநாளைக்கு வைக்காதீர்கள், புளித்து இழுவையாகிவிடும். சர்க்கரைவள்ளிக் கிழங்கை அரை சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி அதிலேயே தோய்த்துப் போடலாம். வைகாசி, ஆனியில் பண்ருட்டிப் பலா வீட்டில் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், அங்கேயும் நங்கா கோரெங் என்று பலாச்சுளையைப் பொரிக்கிறார்கள். கெட்டிச் சுளையாகப் பார்த்து, கொட்டையை எடுத்துவிட்டு, ஈரத்தை ஒற்றி, அதே மாவில் தோய்த்து, வாழைக்கு வைத்ததைவிடத் தீயை ஒரு படி குறைத்துப் போடுங்கள், பலா சீக்கிரம் சிவக்கும்.